தண்ணீர் குடிக்கப் போன நேரம்

ராமதாஸ் வீடு எது என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சேஃப்டி வீடு என்று கேட்க வேண்டும். கல்பாக்கம் பக்கத்தில் கட்டட வேலை செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் பாதுகாப்பு மேற்பார்வையாளன். காண்டிராக்ட் வேலைதான். ஆனாலும் சேஃப்டிக்காரர்கள் மட்டும் போடுகிற பச்சை ஹெல்மெட். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது ஷூவில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலிஷ்.

சைட்டில் காட்டுகிற அதிகாரம் போதாதென்று ஊரிலும் காட்டுவான். கல்யாண வீட்டில் சீரியல் லைட் போடுகிறவன் வயரை வெறுமனே முறுக்கி விட்டால் ஏணியை விட்டு இறக்கிவிடுவான். திருவிழாவில் பட்டாசு வைக்கிற இடத்தில் மணல் வாளி இல்லையென்றால் சாமி புறப்படாது. "இவன் ஒரு ரோதன" என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் அவன் சொன்னதைச் செய்தார்கள். ஏனென்றால் அவன் சொன்னது சரியாகவே இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததைக் கேட்டு, பாவம் தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் அவனுக்காக வக்காலத்து வாங்கக் கூடாது.

மாமல்லபுரம் ரோட்டிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி அவன் வீடு. பின்னால் ஒரு துண்டு நிலம். மணல் கலந்த மண், தண்ணீர் காட்டினால் எதையும் விளைவிக்கும். ராமதாசின் அப்பா காலம் முழுக்க அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மண்வெட்டிகூட இருந்ததில்லை. அதனால் அந்தத் துண்டு நிலத்தின் மேல் ராமதாசுக்குத் தனிப் பெருமை. பெருமை மட்டும்தான். வீடு கட்டியதிலிருந்து அதில் ஒரு செடி வைக்கவில்லை.

அவன் மனைவி ரெபேக்காள் ஜாக்கெட் தைப்பவள். கை வைத்து, கழுத்து வைத்து, அளவு பார்க்காமலே கண்ணால் கணித்துத் தைத்துவிடுவாள். மாமல்லபுரம் கடைவீதியிலிருந்துகூடத் துணி கொண்டுவந்து கொடுப்பார்கள். அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. பின்பக்கம் கீரை போட வேண்டும், நாலு வரிசை கத்திரி, நாலு வரிசை வெண்டை. ஆடும் கோழியும் வராமல் இருக்கச் சுற்றிலும் வேலிகூட அவளே போட்டுவிட்டாள். மீன் விற்க வரும் முனியம்மாவிடம் கிழிந்த வலையைக் கேட்டு வாங்கி, சவுக்குக் கம்பு நட்டு, சுற்றிக் கட்டினாள். இந்தக் கடலோரத்தில் பாதி வீட்டுக்கு அப்படித்தான் வேலி. காற்றடித்துக் காற்றடித்து வலையின் அடிப்பக்கம் மணலுக்குள் போய்விட்டது. மேலே பார்த்தால் தெரியாது.

"மம்பட்டியால கொத்தறதுன்னா எனக்கு முதுகு தாங்காது. ஒரு மிஷின வச்சி ஓட்டிக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்று மாசி மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு, மிஷின் வந்தது.

கொண்டுவந்தவள் ஜோதிலட்சுமி. அவளுக்குத் திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு கிராமம். அவள் ஊர் மகளிர் குழுவில் சின்ன பவர் டில்லர் ஒன்று வாங்கி வாடகைக்கு விடுகிறார்கள். கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிற மிஷின், கீழே வளைந்த கத்திகள் சுற்றி மண்ணைப் புரட்டும். கணவன் உலகநாதன் லோடு ஆட்டோவில் வைத்து ஓட்டிவர, அவளே இறக்கி, அவளே கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து காட்டினாள்.

"அண்ணே, இத்த ஒரு தபா பாத்துக்கோங்க. இந்த லிவர கைப்பிடியோட சேத்து அமுக்கிப் புடிச்சிகினு இருந்தாதான் கத்தி சுத்தும். உட்டா நின்னுடும். கை வலிக்குதுன்னு சில பேரு கயித்தப் போட்டுக் கட்டிர்றாங்கோ. அப்டி மட்டும் பண்ணாதீங்க. எதுனா மாட்டிக்கிச்சின்னா மொதல்ல இந்த செவப்பு பட்டன். எஞ்சின் நின்னப்பறம்தான் கைய கிட்ட கொண்டும்போவணும்."

"ம்."

"ஓட்றதுக்கு முன்ன எடத்த ஒரு சுத்து நடந்து பாத்துடுங்க. கல்லு, வேரு, கயிறு எதுனா இருந்தா பொறுக்கிப் போட்ருங்க. ஷூ போட்டுக்கோங்க. கிட்டக்க ஆளுங்கள உடாதீங்க."

ராமதாஸ் சிரித்தான். "யாருக்கு யாரும்மா சொல்றது? இதே பாட்ட நான் டெய்லி ஒரு கூட்டத்துக்குப் பாடிகினு கீறேன்."

"தெரியும்ண்ணே. மிஷின குடுக்கும்போது எல்லாருக்கும் சொல்லணும்னு குரூப்ல பேசி வச்சிகினு கீறோம். தப்பா நெனைக்காதீங்க."

"எங்கப்பா உங்க மாமனாரு வயல்ல ஏர் ஓட்டினவரு. உங்க வூட்டு மண்ண பொரட்டிக் குடுத்தவங்களே நாங்கதான். எங்களுக்கே மண்ணு ஓட்ட கத்துக் குடுக்கற பாரு."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஜோதிலட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது. வண்டியில் உட்கார்ந்திருந்த உலகநாதன் வேறு பக்கம் பார்த்தான். அவளுடைய மாமனார் எப்படிப்பட்டவர், தன் வயலில் வேலை செய்தவர்களை எப்படிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் மூன்று பேருக்கும் தெரியும். அந்த வீட்டிலிருந்து வந்த ஒருத்தி, ராமதாசின் சொந்த மண்ணில் நின்றுகொண்டு அவனுக்கே பாடம் எடுப்பதை அவனால் ஜீரணிக்க முடியவில்லை. கோபம் நியாயமானதுதான். அதை அவன் கொண்டுபோய் வைத்த இடம்தான் கோணல்.

அவர்கள் போனதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"ஷூ?" என்றாள் ரெபேக்காள்.

"டூட்டி ஷூவப் போட்டுகினு மண்ணுல எறங்குவாங்களா? நாளைக்கி காலைல எவன் பாலிஷ் போட்றது?"

ரப்பர் செருப்போடு இறங்கினான். முன்பக்கம் மட்டும் ஒரு சுற்று நடந்து இரண்டு செங்கல் துண்டுகளைப் பொறுக்கி வீசினான். வேலியோரம் போகவில்லை. அங்கே என்ன இருந்துவிடப் போகிறது?

மிஷின் கிளம்பியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த முதல் வரிசையில் அவன் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். இறுகிக் கிடந்த மண் பொலபொலவென்று புரண்டு வந்தது. கீழிருந்து ஈரவாசனை எழுந்தது. அப்பா நினைவு வந்து அவனுக்குக் கண்கூடக் கலங்கியது. ரெபேக்காள் பின்னாலேயே வந்து கோரைக்கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். மீன் குழம்பு அடுப்பில் வைத்திருந்தாள், சங்கரா மீன். வாசனை பின்பக்கம் வரை வந்தது.

"தண்ணி" என்றான். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் சொம்பில் கொண்டுவந்தாள். வாங்குவதற்காக லிவரை விட்டான். கத்தி நின்றது. குடித்துவிட்டுத் திரும்பப் பிடித்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லிவரின் ஸ்பிரிங் இறுக்கம். பழைய நாளில் கம்பி வளைக்கிற வேலை செய்த கை, விரலெல்லாம் மரத்துப்போய் வலி எடுத்தது. நெற்றியைத் துடைக்க விட்டால் நிற்கிறது, கொசு அடிக்க விட்டால் நிற்கிறது.

கொட்டகையில் கிடந்த சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டை அறுத்து எடுத்தான். லிவரை அமுக்கிக் கைப்பிடியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டான். சைட்டில் இப்படி ஒருவன் செய்திருந்தால் அவனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பான். அனுப்பியும் இருக்கிறான்.

"அந்தப் பொண்ணு கட்டாதீங்கன்னு சொல்ட்டுப் போச்சே" என்றாள் ரெபேக்காள்.

"அது தெரியாதவங்களுக்கு சொல்றது."

கடைசி வரிசை வேலியோரம். பாதியில் மிஷின் ஒரு குலுங்கு குலுங்கி நின்ற இடத்திலேயே உறுமியது. மண்ணுக்குள்ளிருந்த வலை கத்தியில் சுற்றிக்கொண்டுவிட்டது. ஒரு பக்கம் கத்தி இழுக்க, இன்னொரு பக்கம் சவுக்குக் கம்பு இழுக்க, நைலான் நூல் விறைத்து நின்றது. ராமதாஸ் எஞ்சின் வேகத்தைக் குறைத்தான். குறைத்தானே தவிர நிறுத்தவில்லை. கத்தி சுற்றவில்லை, ஆனால் சுற்றத் துடித்துக்கொண்டிருந்தது.

"மீன் கத்தியக் கொண்டா. அந்த வலைய அறு."

ரெபேக்காள் மீன் நறுக்கிய கத்தியோடு வந்தாள். "எஞ்சின நிறுத்திடுங்களேன்."

"நிறுத்துனா மறுபடியும் கயித்த இழுத்து இழுத்து உயிர் பூடும். கத்திதான் நிக்குது இல்ல, பாத்துகினுதான இருக்கறேன். நான் கைப்பிடிய அழுத்திப் புட்ச்சிக்கறேன், நீ அறு."

அவள் குனிந்தாள். நூலை ஒரு கையால் சேர்த்துப் பிடித்து மறு கையால் அறுத்தாள். அவளுக்கு இடது கையில் கத்தி பிடித்துப் பழக்கம். நூலைப் பிடித்தது வலது கை. கம்புப் பக்கத்து இழுப்பு அறுந்ததும் மிஷின் கத்தி விடுபட்டது. விடுபட்டதும் சுற்றியது. மிச்ச நூல் அவள் விரல்களையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது.

லிவரை விட்டால் நிற்கும். ராமதாஸ் கையை எடுத்தான், நிற்கவில்லை. அவன்தான் கட்டிவைத்திருந்தானே. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான், பல்லால் கடித்தான். சிவப்பு பட்டன் அவன் முகத்துக்கு எதிரிலேயே இருந்தது. அவனுக்கு அது கண்ணில் படவில்லை. கடைசியில் மிஷினையே பக்கவாட்டில் தள்ளிச் சாய்த்தான்.

செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் போகும்போது ரெபேக்காளின் கையைத் தன் சட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு தேம்பினான். அந்த அழுகையில் பொய் இல்லை. பொய் அதற்குப் பிறகுதான் வந்தது. அவசரப் பிரிவில் டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார், "எப்படி ஆச்சு? மிஷின் ஓட்டினது யாரு?"

"நான்தான் சார். நான் தண்ணி குடிக்க உள்ள போயிருந்தேன். அந்த நேரத்துல அவங்களே கைய உட்டுட்டாங்க."

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்ற நர்ஸ் ரெபேக்காளைப் பார்த்து, "ஏம்மா, ஓடற மிஷின்ல யாராவது கைய வைப்பாங்களா?" என்றார்.

ரெபேக்காள் வலிக்கு நடுவில் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் மேலே டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியாம வச்சிட்டேன் சிஸ்டர்" என்றாள்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. தையல்காரிக்கு மிச்சமிருக்கிற விரல்களை வைத்து என்ன செய்ய முடியும் என்று டாக்டரிடம் கேட்க முடியாது. வீட்டுக்கு வந்த அன்று அவள் தையல் மிஷினைத் துணி போட்டு மூடினாள். வாங்கி வைத்திருந்த துணிகளை எல்லாம் ஆள் அனுப்பித் திருப்பிக் கொடுத்தாள்.

பார்க்க வந்தவர்கள் பழம் கொண்டுவந்தார்கள், கூடவே திட்டும் கொண்டுவந்தார்கள்.

"சேஃப்டி சார் பொண்டாட்டி நீ. நீயே இப்டி செஞ்சா ஊர்ல மத்தவங்க இன்னா பண்ணுவாங்க?"

"ஒரு நிமிசம் பொறுக்க மாட்டியா? அவரு தண்ணி குடிச்சிட்டு வரதுக்குள்ள இன்னா அவசரம்?"

"பாவம், அந்த மனுசன் இன்னா பாடு பட்டிருப்பாரு."

ரெபேக்காள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். முதல் நாள் ராமதாசுக்கு அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தியது. இரண்டாம் நாள் குறைந்தது. அப்புறம் அவனும் வாசலில் நின்று, "நான் இருந்திருந்தா உட்டிருப்பனா?" என்று சொல்ல ஆரம்பித்தான். மனிதனுக்கு எதுவும் பழகிவிடும், அதுதான் கேவலம்.

மீன்காரி முனியம்மா வந்தபோது கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து ரெபேக்காளின் காலைப் பிடித்துக்கொண்டாள். "நான் குடுத்த வலையாலதானே ஆச்சி? அத்த எரிச்சிருந்தாகூட ஆயிருக்காதே. என் கையால குடுத்தேனே."

"உன்னால இல்ல முனிம்மா. எழுந்திரு."

"அப்ப யாரால?"

ரெபேக்காள் கதவுப் பக்கம் பார்த்தாள். ராமதாஸ் முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான்.

ஜோதிலட்சுமி மிஷினை எடுத்துப்போக வந்தாள். பின்பக்கம் அது சாய்ந்தபடியே கிடந்தது. நிமிர்த்தும்போது கைப்பிடியில் டியூப் கட்டியிருந்ததைப் பார்த்தாள். முடிச்சில் பல் பதிந்திருந்தது. நெடுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு அவிழ்த்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

"அண்ணே, மிஷின்ல எதுனா கோளாறு கீதா? எங்க ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் பேசறாங்கோ. பொம்பளைங்களுக்கு எதுக்கு மிஷினு, பூட்டி வைங்கன்றாங்கோ. குரூப்ல என்னிய கேக்கறாங்கோ."

சொல்வதற்கு அவள் அவனுக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தாள். அவன் அதையும் தவறவிட்டான்.

"லிவரு கொஞ்சம் டைட்டா கீது. ஸ்பிரிங்க செக் பண்ணிக்கம்மா. உட்டாலும் சட்டுனு நிக்க மாட்டுது."

ஜோதிலட்சுமி அவனையே பார்த்தாள். கை ஹேண்ட்பேக்கின் மேல் இருந்தது. அந்த வீட்டு மருமகள் இந்தத் தெருவில் நின்று, இந்தத் தெருக்காரன் ஒருவனைப் பொய்யன் என்று சொன்னால் அது வேறு பேச்சாக மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பழைய கணக்கெல்லாம் எழுந்து வரும். "சரிண்ணே" என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய் ரெபேக்காளின் கட்டுப் போட்ட கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். அடுத்த வாரம் மிஷினைப் பூட்டி வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ராமதாஸ் அதைக் கேட்டுக்கொண்டே கஞ்சி குடித்தான்.

சைட்டில் காலை வேலை தொடங்கும் முன்பு எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பேசுவது வழக்கம். உறுதிமொழி சொல்லிவிட்டு, அன்றைக்கு என்ன வேலை, என்ன ஆபத்து என்று ராமதாஸ் பேசுவான். அவன் திரும்ப வேலைக்குப் போனதும் மேனேஜர் ரவிச்சந்திரன் கூப்பிட்டார். "ராமதாஸ், கஷ்டமான விஷயம்தான். ஆனா உங்க வீட்ல நடந்தத நீங்களே சொன்னா லேபருக்கு மனசுல பதியும். நாளைக்குப் பேசுங்க" என்றார். முடியாது என்று சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. ராமதாஸ் சரி சார் என்றான்.

மறுநாள் அந்த வரிசையில் வேண்டாவும் நின்றிருந்தாள். அதே தெருப் பெண், சைட்டில் சித்தாள் வேலை. ஊரில் ராமதாஸை மாமா என்பாள், சைட்டில் சார் என்பாள். ரெபேக்காளுக்குக் கை முடியாமல் போனதிலிருந்து சாயங்காலம் வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவள் அவள்தான். அன்று அவளுக்குச் சீக்கிரம் வேலை முடிந்துவிட்டது. வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"அத்தே! இன்னிக்கி மாமா பேசினாரு பாரு! அத்தினி பேரும் கை தட்டினாங்க. மேனேஜரு வந்து தோள்ல தட்டிக் குடுத்தாரு."

"இன்னா பேசினாரு?"

"உன் கததான்."

"என் கதயா?" ரெபேக்காள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "எப்டி சொன்னாரு? சொல்லு."

"அதான்... தண்ணி குடிக்க உள்ள பூட்டு வரதுக்குள்ள நீ அவசரப்பட்டு கைய உட்டுட்டன்னு. ஊருக்கெல்லாம் சேஃப்டி சொல்ற நானு என் பொண்டாட்டிக்கு சொல்லித் தராம உட்டுட்டேன், அவளுக்குத் தெரியாது, தெரிஞ்ச நான்தான் சொல்லிருக்கணும், அது என் தப்புன்னு சொல்லி கண்ணத் தொடச்சிகினாரு. எல்லாருக்கும் அழுவ வந்துடுச்சி அத்தே."

வேண்டா அடுப்பைப் பற்றவைத்து அரிசி களைந்தாள். கடல்காற்று எழுந்து ஜன்னல் துணியை ஆட்டியது.

"வேண்டா, ஜோதிலட்சுமிக்கு போன் போடு. இப்பவே வரணும்னு சொல்லு. அப்டியே பஸ் ஸ்டாப்பாண்ட முனிம்மா மீன் விக்கும், அத்தயும் கூட்டினு வா."

"இன்னாத்துக்கு அத்தே?"

"கததான். நாங்களும் கேக்கறோம்."

ராமதாஸ் பஸ் இறங்கி வந்தபோது முன்னறையில் நாலு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முனியம்மாவின் கூடை வாசலில் இருந்தது. உலகநாதன் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். ராமதாஸ் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினான். ஏதோ சரியில்லை என்று அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"குந்து" என்றாள் ரெபேக்காள். வாங்க போங்க என்றே பேசுகிறவள். "காலைல பேசினியாமே. கை தட்டினாங்களாமே. எங்களுக்கும் சொல்லு. அங்க சொன்ன மாதிரியே சொல்லு."

"இன்னா ரெபேக்கா இது? எல்லாரையும் உக்கார வச்சிகினு..."

"சொல்லு."

அவன் மூவரையும் பார்த்தான். வேண்டா ஒன்றும் புரியாமல் சிரித்தாள். ஜோதிலட்சுமி தரையைப் பார்த்தாள். முனியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் பேச ஆரம்பித்தான். பழகிய பேச்சு, தொடங்கிவிட்டால் தானாக வந்துவிடும் என்று நினைத்திருப்பான்.

"ஞாயித்துக்கெழம... மண்ணு ஓட்டிகினு இருந்தோம். கடைசி வரிசை. அப்ப நான் தண்ணி குடிக்க உள்ள..."

"யாரு போனது?"

"நான்தான்."

"எதுல மோந்து குடிச்ச?"

ராமதாஸ் சமையலறைப் பக்கம் பார்த்தான்.

"சொல்லு. சொம்பா, டம்ளரா? அது எங்க கீது?" அவள் சத்தம் போடவில்லை. "கல்யாணம் ஆன நாளா என்னிக்கினா ஒரு நாளு நீ உள்ள போயி தண்ணி மோந்து குடிச்சிக்கிறியா? ஜுரத்துல கெடந்தேன், அப்பகூட 'தண்ணி'ன்னு என்னியதான கூப்ட? அன்னிக்கி மட்டும் நீயே போயிட்டியா?"

அடுப்பில் சோறு கொதித்து மூடி தட்டிக்கொண்டிருந்தது, யாரும் எழுந்து போகவில்லை. ஜோதிலட்சுமி ஹேண்ட்பேக்கைத் திறந்து டியூப் துண்டை எடுத்துத் தரையில் வைத்தாள். அதைப் பார்த்து முனியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ராமதாசுக்கு விளங்கியது. ஜோதிலட்சுமிக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் 'சரிண்ணே' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"நான்தான் கட்டினேன்" என்றான். "அவ வேணாம்னா. கட்டினேன். வலை மாட்டிக்கிச்சி. எஞ்சின நிறுத்து, நிறுத்துன்னா. நான் நிறுத்தல. நான்தான் அவள கைய உட சொன்னேன். மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல."

"அப்ப என் வலையால இல்லியா?" என்றாள் முனியம்மா.

"இல்ல முனிம்மா. என்னாலதான்."

முனியம்மா எழுந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் ரெபேக்காளின் தலையை ஒரு தடவை தடவிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வேண்டாவுக்குத்தான் முகம் செத்துவிட்டது. காலையில் எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டியவள் அவள். அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி இத்த அங்க சொல்லு" என்றாள் ரெபேக்காள். "இங்க சொன்ன மாதிரியே சொல்லு."

"வேல பூடும் ரெபேக்கா."

அவள் துணி போட்டு மூடியிருந்த தையல் மிஷினைப் பார்த்தாள். ஜோதிலட்சுமி எழுந்தபோது ராமதாஸ் வாசல்வரை போனான். "உங்க குரூப்புக்கு நானே வந்து சொல்றேம்மா" என்றான். "வாங்கண்ணே" என்றாள் அவள்.

மறுநாள் சாயங்காலம் ரெபேக்காள் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இடது கை மட்டும் வேலை செய்தது. கட்டுப் போட்ட கை காம்பை அழுத்திப் பிடித்திருந்தது. கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்கு வெகு முன்னாலேயே ராமதாஸ் வெயிலில் நடந்து வந்தான். கையில் ஹெல்மெட் இல்லை. ஷூவெல்லாம் புழுதி.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"கை தட்டினாங்களா?"

"இல்ல."

அவள் இன்னொரு காம்பை எடுத்தாள்.

"மேனேஜரு வூட்டுக்குப் போவச் சொல்ட்டாரு. கூப்ட்டு அனுப்பறேன்னாரு. கூப்ட மாட்டாங்க." நாக்கு உலர்ந்து பேச்சு ஒட்டியது. "டியூப கட்டினான்னு போன வருசம் ஒருத்தன நான் வேலய உட்டுத் தொரத்தினேன். அவன் பேரக்கூட ஒருத்தன் சொன்னான், எல்லாரும் இருக்கறப்பவே."

ராமதாஸ் சிறிது நேரம் நின்றான். வழக்கமாக அவன் வந்து நின்றாலே அவள் எழுந்து உள்ளே போவாள். இன்றைக்கு அவள் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அவளைத் தாண்டி, தண்ணீர் குடிக்க உள்ளே போனான்.

குடம் மூலையில் இருந்தது. டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. அலமாரியில் பார்த்தான், மேடைக்குக் கீழே பார்த்தான். வாசலில் இருப்பவளைக் கேட்கவும் வாய் வராமல், குடத்துப் பக்கத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.